பையைத் திற

குளோனிஸ் என்று ஒரு சிறிய ஊர், அயர்லாந்துக் குடியரசின் வடக்கு ஓரத்தில், மோனஹன் மாவட்டத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு நாம் 'குளோன்ஸ்' என்றுதான் வாசிப்போம். ஊர்க்காரர்களுக்கு அது குளோனிஸ். ஏறத்தாழ 2,000 பேர் வாழ்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே 30,000 பேர் வரை திரள்வார்கள். அல்ஸ்டர் மாகாணக் கேலிக் காற்பந்தின் இறுதியாட்டம் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த ஊர்த் திடலில்தான் நடக்கிறது.

அங்கிருந்து கேவன் நகருக்குப் போகும் சாலையைக் கைப்பேசி வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். சில மைல்களுக்குள் அது நான்கு தடவை நாட்டு எல்லையைத் தாண்டுகிறது. குடியரசு, பிரிட்டன், குடியரசு, பிரிட்டன், மறுபடியும் குடியரசு. கட்டுமானப் பொறியியல் படித்தவன் என்பதால் 'எவன்டா இந்த அலைன்மெண்ட் போட்டது' என்றுதான் முதலில் தோன்றியது. சாலைமேல் குற்றமில்லை, அது பழைய சாலை. எல்லைதான் 1921இல் அதன் குறுக்கே வந்து விழுந்தது.

அயர்லாந்துத் தீவில் 32 மாவட்டங்கள். 1921இல் வடகிழக்கில் இருந்த 6 மாவட்டங்களை 'வட அயர்லாந்து' என்று பிரித்து பிரிட்டனோடு வைத்துக்கொண்டார்கள். அல்ஸ்டர் என்ற பழைய மாகாணத்துக்கு 9 மாவட்டங்கள் உண்டு. ஆறு அந்தப் பக்கம் போயின. மோனஹன், கேவன், டொனிகோல் மூன்றும் இந்தப் பக்கம் தங்கின. நமக்குப் பழக்கமான உலகக் கிண்ணக் காற்பந்து, அதே 1921இல் அங்கே இரண்டு சங்கங்களாக உடைந்தது. இன்றைக்கும் அயர்லாந்துக்கு இரண்டு தேசியக் குழுக்கள் இருப்பது அதனால்தான். கேலிக் காற்பந்து உடையவில்லை. 1884இல் தர்லஸ் என்ற ஊரின் ஹோட்டல் ஒன்றில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக ஜி.ஏ.ஏ., நாடு பிரிந்த பிறகும் 32 மாவட்டங்களுக்கும் ஒரே போட்டியை நடத்திக்கொண்டே இருந்தது. அதன் வரைபடத்தில் அந்தக் கோடு ஏறவே இல்லை.

விளையாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் பொதுவாக ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினில் உள்ள குரோக் பார்க் அரங்கில் 80,000 பேர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவார். ஆட்டக்காரரை விலைக்கு வாங்கும் வழக்கமும் இல்லை. பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கு ஆடுவார், நன்றாக ஆடினால் மாவட்டத்துக்கு ஆடுவார், அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மாவட்டப் பிரிவினையே ஆங்கிலேயர் தங்கள் நிர்வாக வசதிக்காகப் போட்டது. அந்தக் கோடுகளை மக்கள் சொந்தமாக்கி, கொடி பிடித்து, நிறம் பூசி, அதற்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். 1921இல் போட்ட கோட்டைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏற்றுக்கொள்ளாததற்குச் சாலையில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. மோனஹன்காரர்கள் டெரியில் ஆட வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அப்படித் தாண்டிய முதல் குழுக்களில் ஒன்றின் கதை 1922 ஜனவரியில் நடந்தது. மோனஹன் காற்பந்துக் குழு அல்ஸ்டர் போட்டிக்காக டெரிக்குப் போய்க்கொண்டிருந்தது. டைரோன் மாவட்டத்தில் ட்ரோமோர் என்ற ஊரில் வட அயர்லாந்துச் சிறப்புக் காவல்படை வண்டிகளை மறித்துச் சோதனையிட்டது. துப்பாக்கிகள் கிடைத்தன. பத்துப் பேரைப் பிடித்து வைத்தார்கள். அவர்களில் ஒருவர் டான் ஹோகன், ஐ.ஆர்.ஏ. தளபதி. பதினான்கு மாதங்களுக்கு முன்பு, 1920 நவம்பர் 21இல், பிரிட்டிஷ் படை குரோக் பார்க்குக்குள் புகுந்து ஆட்டத்தின் நடுவே சுட்டதில் இறந்த டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனின் சகோதரர். டெரிச் சிறையில் தூக்குக்குக் காத்திருந்த மூன்று கைதிகளை மீட்பதுதான் அந்தப் பயணத்தின் மறைமுக நோக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அதன் பின்விளைவுகள் வேகமாக வந்தன. பிப்ரவரி முதல் வாரத்தில் ஐ.ஆர்.ஏ. எல்லையைத் தாண்டி 40க்கும் மேற்பட்ட பிரிட்டன் ஆதரவாளர்களைக் கடத்திக்கொண்டு போனது. 11ஆம் தேதி, சிறப்புக் காவல்படையினர் சிலர் போன ரயில் குளோனிஸ் நிலையத்தில் நின்றபோது துப்பாக்கிச் சண்டை மூண்டது. ஐ.ஆர்.ஏ. அதிகாரி ஒருவரும் காவல்படையினர் நால்வரும் செத்தார்கள். பெல்ஃபாஸ்டில் கலவரம் வெடித்தது.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. 'பாவம், பந்து விளையாடப் போனவர்களைப் பிடித்தார்கள்' என்று எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பையைத் திறந்தால் உள்ளே துப்பாக்கி இருக்கிறது.

பிறகு சுங்கக் காலம். 1923 ஏப்ரல் முதல் எல்லையில் சுங்கச் சாவடிகள் வந்தன. 'அனுமதிக்கப்பட்ட சாலை' என்று சில சாலைகளைக் குறித்து, வண்டிகள் அவற்றில் மட்டும்தான் போக வேண்டும் என்றார்கள். காருக்குப் பிணைத்தொகை, முத்திரை குத்தப் புத்தகம். இரவில் சாவடியை மூடிவிடுவார்கள், தாமதமாகத் திரும்புவதென்றால் முன்கூட்டியே சொல்லிப் பணம் கட்ட வேண்டும். நான்கு தடவை எல்லை தாண்டும் அந்தக் குளோனிஸ் சாலைக்கு மட்டும் ஒரு சலுகை. நடுவில் எங்கும் நிற்காமல் போனால் சுங்கச் சோதனை இல்லை. 1957இல் அந்தப் பகுதி ரயில் பாதைகளையும் மூடினார்கள். இத்தனைக்கும் நடுவில், 1960இல் டவுன் மாவட்டம் கெர்ரியைத் தோற்கடித்து, சாம் மக்வயர் கிண்ணத்தை முதன்முதலாக எல்லைக்கு வடக்கே கொண்டு போனது. அடுத்த ஆண்டு இறுதியாட்டத்துக்கு 90,556 பேர் வந்தார்கள். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எந்த ஆட்டமும் தாண்டவில்லை.

இதையெல்லாம் நான் ஏன் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று என் அறை நண்பனும் கேட்டான். "டேய் மச்சான், நம்ம ஹரிமாவ் மலாயாவே ததிங்கிணத்தோம் போடுது, நீ எங்கியோ அயர்லாந்துக்காரன் பந்தப் பத்தி எழுதுறியா?"

நான் ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வருபவன். காலை நாலரைக்கு எழ வேண்டும். கடப்பிதழ், கட்டைவிரல், கேமரா. மறுபடி பேருந்து. கடற்பாலத்தின் அந்தப் பக்கம் இன்னொரு வரிசை. 2020 மார்ச் 18இல் எல்லையை மூடியபோது நான் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டேன். எங்கள் தாமானில் ஒரு ஃபுட்சால் குழு இருந்தது. எல்லாரும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம் என்று ஆகிப்போனது. 2022 ஏப்ரலில் எல்லை முழுதாகத் திறந்தபோது ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது, ஒருவன் பினாங்குக்கு மாறிவிட்டிருந்தான், வாட்சாப் குழுவில் தீபாவளி வாழ்த்து மட்டும் மிச்சம். அது நோய்க்காக மூடிய எல்லை, யாரும் எங்கள்மீது துப்பாக்கி நீட்டவில்லை. ஆனாலும் ஓர் எல்லைக்கு ஒரு குழுவைக் கலைக்க எவ்வளவு காலம் போதும் என்று எனக்குத் தெரியும். அயர்லாந்தில் எப்படி நூறு ஆண்டுகளாகக் கலையாமல் இருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

கேள்வியைக் கேட்க ஆள் கிடைத்தார். எங்கள் திட்டத்தின் மூத்த பொறியாளர் டைரோன்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பதின்ம வயதில் ஊர் கிளப்புக்கு ஆடியிருக்கிறார். எண்பதுகளில், அதாவது கலவரம் நடந்துகொண்டிருந்த முப்பது ஆண்டுகளின் நட்டநடுவில்.

"பையைத் திற. இங்கிலாந்து உச்சரிப்பில் என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்" என்றார்.

எல்லைச் சோதனைச் சாவடியில் குழுவின் பேருந்தை நிறுத்துவார்கள். எல்லாரும் இறங்க வேண்டும். ஒவ்வொருவரும் பையைத் தார்ச்சாலையில் கவிழ்க்க வேண்டும். சேறு காய்ந்த பூட்ஸ், துண்டு, சட்டை. மழை பெய்தால் எல்லாம் நனையும். பெயர் கேட்பார்கள், எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அந்தப் பையைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். கேலிக் காற்பந்து ஆடுகிறவன் என்றால் கத்தோலிக்கன், ஐரிஷ் தேசியவாதி. மதம் என்ன, கட்சி என்ன என்று தனியாகக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நாற்பது நிமிடப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புவார்களாம். "ப்ராஜெக்ட் அட்டவணையில் பஃபர் போடுகிறோமே, அதை நான் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொள்ளவில்லை" என்று சிரித்தார். அப்படியும் ஒருநாள் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நடுவர் காரணம் கேட்கவே இல்லையாம். எதிரணி நனைந்துகொண்டே திடலில் காத்திருந்தது.

1922இல் பையில் துப்பாக்கி இருந்ததே என்று கேட்டேன். "இருந்தது. எனக்குப் பதினாலு வயது, என் பையில் அம்மா வைத்த சாண்ட்விச் இருந்தது" என்றார். இரண்டுமே உண்மை. 1922இல் துப்பாக்கி இருந்ததை நினைவு விழாக்களில் மழுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. அறுபது ஆண்டு கழித்து ஒரு பையனின் சாண்ட்விச்சைச் சாலையில் கொட்டுவதற்கு அது நியாயமும் ஆகாது.

அவர் சொன்ன சாவடிகளில் ஒன்று ஓக்னகிளாய். டைரோனிலிருந்து மோனஹனுக்குப் போகும் சாலையில், ஊரை ஒட்டியே இருந்த ராணுவச் சாவடி. 1988 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. ஏய்டன் மெக்கனெஸ்பி என்ற 23 வயது இளைஞர் உள்ளூர் கேலிக் திடலை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தார். சாவடியைத் தாண்டிய பிறகு, கண்காணிப்பு மேடையிலிருந்த இயந்திரத் துப்பாக்கி வெடித்தது. தரையில் பட்டுத் தெறித்த குண்டு முதுகில் பாய்ந்தது. செத்துப்போனார். கை ஈரமாக இருந்ததால் விரல் வழுக்கிவிட்டது என்றார் 18 வயதுச் சிப்பாய். வழக்கு கைவிடப்பட்டது. 34 ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், அந்தச் சிப்பாய் கொலையாகாத மரணத்தை விளைவித்த குற்றவாளி என்று பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனை மூன்றாண்டு, அதுவும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. சிறைக்குப் போகவில்லை.

மெக்கனெஸ்பியும் தினமும் எல்லை தாண்டியவர். டைரோனில் வீடு, மோனஹனில் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. சாவடியில் அவரைத் தனியாக நிறுத்தி வைத்துத் தொந்தரவு செய்வது வழக்கமாக இருந்தது என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்த மறுநாள் காலை உட்லண்ட்ஸ் வரிசையில் நின்றபோது ஒரு விஷயம் உறைத்தது. இங்கே எனக்குள்ள சலிப்பு, நான் லட்சத்தில் ஒருத்தன் என்பது. கட்டைவிரலை வைத்தால் கதவு திறக்கும், கதவுக்கு என்னைத் தெரியாது. ஓக்னகிளாயில் சாவடிக்கு அவரைத் தெரியும். பெயர் தெரியும், வீடு தெரியும், எந்த கிளப் என்று தெரியும். வரிசையில் யாரோ ஒருவனாக நிற்பது எவ்வளவு பெரிய வசதி என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் கடற்பால நெரிசலை இதோடு ஒப்பிட்டுப் புலம்புவதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இந்தச் சாலைகளில் ஒன்று ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். 1975 ஆகஸ்ட் 24. குரோக் பார்க்கில் டெரிக்கும் டப்ளினுக்கும் அரையிறுதி. டெரி தோற்றது. ஆட்டம் பார்த்துவிட்டு வடக்கே காரில் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேரை அர்மா மாவட்டத்தில் ஒரு சோதனைச் சாவடி நிறுத்தியது. அது போலிச் சாவடி. ராணுவ உடையில் நின்றவர்கள் பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுவினர். இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். ஷான் ஃபார்மர் ஒருவர். மற்றவர் கோலம் மெக்கார்ட்னி, கவிஞர் ஷேமஸ் ஹீனியின் உறவினர்.

ஹீனி அவருக்காக எழுதிய 'லோக் பெக் ஏரிக்கரை' பற்றிய கவிதை 1979இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. இறந்தவனின் முகத்தைப் பனித்துளியாலும் பாசியாலும் துடைத்துவிடுவதாக அது முடியும். ரொம்ப அழகான கவிதை. அழகுதான் பிரச்சினை என்று ஹீனிக்கே தோன்றியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த 'ஸ்டேஷன் ஐலண்ட்' நெடுங்கவிதையில் அதே மெக்கார்ட்னியின் ஆவி வந்து, என் சாவை நீ அலங்காரம் பண்ணிவிட்டாய் என்று கவிஞரைக் குற்றம் சாட்டுகிறது. தன் நல்ல கவிதைக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன கவிஞர்கள் எத்தனை பேர்? எனக்கு இரண்டாவது கவிதைதான் பெரிது. ஹீனி 2013 ஆகஸ்ட் 30இல் இறந்தார். இரண்டு நாள் கழித்து குரோக் பார்க்கில் அரையிறுதி ஆட்டம். ஆட்டத்துக்கு முன் 80,000க்கும் மேற்பட்டவர்கள் எழுந்து நின்று ஒரு கவிஞனுக்காகக் கைதட்டினார்கள். நம் பக்கம் புத்தக வெளியீட்டுக்கு முப்பது நாற்காலி போட்டாலே பத்து காலியாக இருக்கும். சரி, அதை விடுங்கள்.

தெற்கு அர்மாவில் குரோஸ்மக்ளென் கிளப்புக்கு எல்லை திடலுக்குள்ளேயே வந்துவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் ராணுவம் திடலை ஒட்டி முகாம் அமைத்து, கிளப் நிலத்தில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. ஆட்டம் நடக்கும்போதே ஹெலிகாப்டர் தலைக்குமேல் இறங்கும். பல்லாண்டுகள் வழக்காடினார்கள், முறையிட்டார்கள். நிலம் திரும்பி வந்தது தொண்ணூறுகளின் இறுதியில்தான். அதற்குள்ளேயே, 1997இல், முகாமின் சுவருக்குப் பக்கத்தில் பயிற்சி செய்த அதே கிளப் முழு அயர்லாந்து கிளப் கிண்ணத்தை வென்றது. பிறகு இன்னும் ஐந்து முறை. அதே 1997 மே மாதம், டெரி மாவட்டத்தின் பெல்லகியில், இரவு கிளப்பின் வாயிற்கதவைப் பூட்டிக்கொண்டிருந்த தலைவர் ஷான் பிரவுனைக் கடத்திக் கொன்றார்கள்.

இவ்வளவையும் படித்தால் ஜி.ஏ.ஏ. எல்லையே இல்லாத ஓர் இடம் என்று தோன்றும். அப்படி இல்லை. அதற்கும் ஒரு சாவடி இருந்தது, விதி 21 என்று பெயர். பிரிட்டிஷ் ராணுவத்திலோ வட அயர்லாந்துக் காவல்துறையிலோ இருப்பவர் ஜி.ஏ.ஏ. உறுப்பினராக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த தடை. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகும் நீக்க மனம் வராமல், 2001 நவம்பரில்தான் நீக்கினார்கள். அப்போதும் வடக்கின் ஆறு மாவட்டங்களில் டவுன் மட்டும்தான் நீக்க வாக்களித்தது. மற்ற ஐந்தும் வேண்டாம் என்றன. சாலையில் பையைக் கொட்டியவர்களை உடை மாற்றும் அறையில் பக்கத்தில் உட்கார வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு அந்த மனம் புரிகிறது. சேர விரும்பிய கத்தோலிக்கப் பையனுக்கு அது என்ன செய்தது என்பதும் புரிகிறது.

விதி போன பிறகு புதிய காவல்துறை ஒரு கேலிக் குழுவை அமைத்தது. அதன் தலைவராக இருந்தவர் பாடர் ஹெஃப்ரன், கத்தோலிக்கர், ஐரிஷ் மொழி பேசுபவர். 2010 ஜனவரியில் சமாதானத்தை ஏற்காத குடியரசுவாதிகள் அவருடைய காருக்கு அடியில் குண்டு வைத்தார்கள். ஒரு காலை இழந்தார். பல ஆண்டுகள் கழித்துக் கொடுத்த நேர்காணலில், காவல்துறையில் சேர்ந்ததும் தன் சொந்த கிளப் நண்பர்களே தன்னை ஒதுக்கிவிட்டதைச் சொன்னார்.

இந்த நேர்காணல் பற்றி மதிய உணவின்போது டைரோன்காரரிடம் கேட்டேன். கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்கள் கிளப்பிலும் ஒருவன் போலீசில் சேர்ந்தான். நல்ல மிட்ஃபீல்டர். சேர்ந்த வாரம் வழக்கம்போல் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு வந்தான்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் பெஞ்சில் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்தவன் தன் பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான்."

"அந்தப் பக்கத்துல இருந்தவர்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குக் கான்கிரீட் சோதனை அறிக்கை பற்றிக் கூட்டம் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.